சுவரில் இருக்கிறது, பதிவில் இல்லை

இன்று கெலாங் பாத்தாவில் எங்கள் புது வீட்டுச் சாவியை வாங்கப் போனேன். சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

சைட் சூப்பர்வைசர் சிவா டேப்லெட்டை நீட்டினார்.

"பாருங்கக்கா, இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்."

"போன வாரம் ஃபெயில்னு இருந்துச்சே?"

"அப்டேட் பண்ணிட்டோம் லா. புது ஏபிஐ வந்திருக்கு, ரொம்ப ஈசி. யாரோ கைட் நல்லா எழுதி வச்சிருக்காங்க."

அந்த யாரோ நான்தான். கட்டுமான ஆய்வுப் பதிவுகளைத் திருத்தும் அந்த ஏபிஐ மென்பொருளுக்கு வழிகாட்டி எழுதியது என் கைதான். என் எழுத்தை ஒருவர் பாராட்டியது இதுவே முதல் முறை.

"சரி, சுவர எப்ப பூசினீங்க?"

"அலமாக், அதுக்கு இன்னும் ஆள் கிடைக்கலக்கா."

காரணம் எழுதாமல் பதிவை மாற்ற முடியாது. வழிகாட்டியில் நானே தடித்த எழுத்தில் போட்ட விதி அது. என்ன காரணம் போட்டார்கள் என்று திறந்து பார்த்தேன்.

"சாவி கொடுக்கும் நாள் வந்துவிட்டது."

சாவியை வாங்க மறுத்துவிட்டேன். முடிவை மறுபடியும் ஃபெயில் ஆக்கச் சொன்னேன். சிவா தலையைச் சொறிந்தார்.

"காரணம் என்னக்கா போடறது?"

"வீட்டுக்காரம்மா வந்து பாத்துட்டாங்கன்னு போடுங்க."

உங்கள் வீடு என்ன காரணத்தால் பாஸ் ஆனது நண்பர்களே? கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.