மான் தின்ற கடலும் மூதூர்ப் பயணமும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு படம். கடதாசித் துண்டுகளை ஒட்டி நிலக்காட்சிகள் செய்வது என் தொழில். தொழில் என்று நான்தான் சொல்கிறேன். அண்ணாவுக்கு அது "ஒட்டு வேலை". வவுனியாவில் அவருடைய அச்சகத்தை விட்டு வந்து எட்டு மாதமாகிறது. திரும்பி வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். அதே வெள்ளி மூதூரில் நிசார் நானா புதிய விடுதி திறக்கிறார். வரவேற்பறைக்கு மூன்றடி அகலத்தில் துறைமுகப் படம் கேட்டிருந்தார். பிடித்தால் ஆறு அறைகளுக்கும் நான்தான் செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் அச்சகம்தான்.

ஜனவரியில் மழை விட்டிருந்த ஒரு செவ்வாய், வவுனியாவிலிருந்து காலை 6.40 பஸ். திருகோணமலைக்கு 95 கிலோமீற்றர், மூன்று மணிநேரம், 430 ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் தவமலர் அன்ரியின் வீட்டில் அறை, நாளுக்கு 2500. அன்ரி சட்டை தைப்பவர்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் உட்துறைமுகக் கரையில் இருந்தேன். நான் வர்ணம் தொடுவதில்லை. மலைகளுக்குச் சீமெந்துப் பை, படகுகளுக்குப் பழைய லொத்தர் சீட்டு. கடலுக்கு மட்டும் மூன்று மாதமாகச் சஞ்சிகைகளில் நீலப் பக்கங்கள் சேர்த்துக் கொண்டு வந்திருந்தேன். நான் வீதியில் குனிந்து சீட்டுப் பொறுக்குவதைப் பார்த்து ஓட்டோக்கார அண்ணை நிறுத்தினார்.

"தங்கச்சி, குப்பை பொறுக்கவோ வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை, படகு செய்ய."

அவர் தன் டாஷ்போர்டிலிருந்து நாலு சீட்டு எடுத்துத் தந்தார். ஒன்றுக்கும் பரிசு விழவில்லையாம்.

வியாழன் பதினொரு மணிக்குப் படம் முடிந்தது. காய்வதற்காக முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். 1.20க்குத் திரும்பினால், திறந்த கேற்றுக்குள் ஒரு மான். கடலை முழுவதும் முடித்துவிட்டு மலைக்கு வந்திருந்தது. இந்த ஊரில் மான்கள் வீதியில் உலாவும் என்பது தெரியாததல்ல. முதல் நாள்தான் அவற்றைப் போனில் படம் பிடித்திருந்தேன். அப்படியே தரையில் இருந்து அழுதேன்.

அன்ரி தையல் மெஷினை விட்டு ஓடிவந்தார். "கோதுமை மாப் பசையோ பிள்ளை? இஞ்ச மதிலில ஒட்டுற நோட்டீசே மானுக்கு ரெண்டு நாள் தாங்காது. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"கடல் போச்சுது அன்ரி. நீலக் கடதாசி ஒரு துண்டும் இல்லை."

அவர் அலுமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். சட்டை தைக்க அளவு வெட்டி வைத்த மண்ணிறக் கடதாசிகள். "இதுக்குத் தைச்ச ஆக்கள் ஒருத்தரும் இப்ப இந்த அளவில இல்லை. எடுங்கோ."

கைக்குழி வளைவு, கழுத்து வளைவு. துறைமுகத்துக் குடாக்களும் அப்படித்தான் உள்ளே போய் வளைகின்றன. பாதித் துண்டுகளை வெட்டத் தேவையே இருக்கவில்லை. இம்முறை கடைப் பசை, 380 ரூபாய். ஆறு மணிக்கு முடித்தேன். ஆனால் மண்ணிறக் கடலை யார் சுவரில் மாட்டுவார் என்ற பயம் போகவில்லை.

வெள்ளி காலை மூதூருக்கு 6.30 பஸ், கிண்ணியாப் பாலம் வழியாக, ஒன்றேகால் மணிநேரம், 210 ரூபாய். கொண்டக்டர் படத்தைச் சாரதியின் பின்னால் வைத்துத் தந்தார். வழி முழுவதும் அதையே பார்த்தபடி போனேன்.

விடுதி வரவேற்பறையில் நானா படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்துக் குனிந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இது நீலமாத்தான் இருந்தது நானா. மான் தின்னுட்டுது."

அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, மாரி மழையில கங்கையாத்துச் சேத்துத் தண்ணி வந்து விழுந்தா எங்கட குடா இந்த நிறம்தான். வாற ஆக்களெல்லாம் நீலமாக் கீறிட்டுப் போறாங்க." ஆணியைத் தானே அடித்து மாட்டினார். பிறகு ஆறு அறைகளையும் திறந்து காட்டினார்.

வீட்டிலேயே நீலம் என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு வந்து இரண்டு நாள் கடலைப் பார்த்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. படம் செய்ய வருகிறவர்களுக்குச் சொல்வது: மாரி முடிவில் வாருங்கள், குடை கொண்டு வாருங்கள். மாப் பசையால் ஒட்டியதைப் பூட்டிய அறைக்குள் காய வையுங்கள். நிறத்தை இங்கே வந்த பிறகு தேடுங்கள்.

மூதூர் பஸ் நிலையத்தில் நின்று அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன்.

"என்ன முடிவு?" என்றார்.

"என்ர கதிரையை வேற ஆளுக்குக் குடுங்கோ அண்ணா."