சிரிக்க வேண்டிய இடங்கள்

இன்று பட்டிமன்ற அழைப்பிதழைப் பிரித்ததும் எழுந்த அச்சு மையின் வாசம், திருத்தங்கலில் இப்போது இல்லாத டிவிடி கடையின் பின்னறைக்கு என்னை இட்டுச் சென்றது. நிறம் பிசகி அச்சான பட்டாசு லேபிள்களைச் சுவரெங்கும் ஒட்டியிருந்த அவ்வறையில், எவரும் கேள்விப்பட்டிராத அயல்நாட்டு உளவாளிப் படங்களைக் கடைக்கார மாமா ஞாயிறுதோறும் போட, பட்டாசுத் தொழிலாளர்கள் அவற்றில் வரும் ஒவ்வொரு சாவுக்கும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். குண்டை மடியில் வைத்துக்கொண்டு உளவாளி சுருட்டைப் பற்றவைத்தால், "ஏலே, இவன எங்க கம்பெனி வாசல்லயே விடமாட்டாக!" என்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கத்துவாள். குண்டு வெடிக்காவிட்டால், "மருந்து நமுத்துப்போச்சு" என்பார் மாமா. சாவைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு வேறு இடமில்லை என்று இன்று நான் மேடையில் வாதிடக்கூடும். அன்று வெறுமனே சிரித்தேன்.

தீபாவளி சீசன் என்பதால் அம்மா தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, திரையில் பாலம் வெடித்தது. மாமா ஒலியைக் குறைத்தார். வெளியிலிருந்து வந்த சத்தம் குறையவில்லை.

"எந்தப் பக்கம்?"

"தாயில்பட்டிப் பக்கந்தான்."

எல்லோரும் ஓடினார்கள். செல்வி அக்கா மட்டும் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். படத்தை நிறுத்த எங்களுக்குத் தோன்றவில்லை.

இருட்டுவதற்குள் அம்மா வந்துவிட்டாள். வெடித்தது அடுத்த கம்பெனி. முகம் கழுவாமல் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"இன்னைக்கு என்ன படம்லே?"

"சிரிப்புப் படம்மா."

"கதையச் சொல்லு."

சொன்னேன். சிரிக்க வேண்டிய இடங்களில் நிறுத்தி, காத்திருந்தேன்.