துத்தநாகம் இருந்த இடத்தில் பித்தளை

பத்தாம் வகுப்புக்கு உலோகங்களின் வினைபடு வரிசையை நடத்தும் வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பாடத்திட்டம் மாறியதிலிருந்து எதையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. சோடியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, செம்பு. மேலே இருப்பது சீக்கிரம் அரித்துப் போகும், கீழே இருப்பது தாக்குப்பிடிக்கும். அன்றும் இதையே சொல்லி முடித்துவிட்டு, காரைக்காலில் பஸ் ஏறி, கோட்டுச்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது.

என் கணவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். விடியுமுன் போனால் மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடுவார். நான் வீடு திரும்பும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். போன் போட்டேன், கிடைக்கவில்லை. கைப்பையோடு அப்படியே கரைக்கு நடந்தேன்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "வந்துருவாங்க டீச்சர். மோட்டாருதான் ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும். தேடிட்டு ஒரு படகு போயிருக்கு" என்றார்.

மணலில் உட்கார்ந்தேன். இந்தக் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது எங்கள் தெருவில் யாருக்கும் புதிதல்ல. பயம் இருந்தது. ஆனால் எழுந்து நாலு பேரிடம் விசாரிக்கும் தெம்பு இல்லை. காலையிலிருந்து நின்ற கால்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தேன்.

வெளிச்சம் மங்குமுன் இன்னொரு படகு எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அவரும் கூடப் போன இரண்டு பேரும் வெயிலில் கறுத்து, உதடு வெடித்துப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்து, "நீ எதுக்கு இங்க வந்து ஒக்காந்திருக்க?" என்றார்.

"என்னங்க ஆச்சு?"

"கியர் புடிச்சிக்கிச்சு. அசையவே மாட்டேங்குது."

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் கொல்லையில் மோட்டாரைச் சாய்த்து வைத்து, கீழ்ப்பகுதியின் ஆயிலை வடித்தார். அது பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்து வந்தது. உள்ளே கடல் தண்ணீர் போயிருந்தது. விசிறியைத் தாங்கித் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டாரின் அலுமினியக் கால் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் பழுதில்லாமல் கெட்டியாக இருந்தது.

"இது என்னங்க, பித்தளையா?"

"ஆமா. முன்னாடி ஒரு துத்தநாகக் கட்டி இருந்துச்சுல்ல, அது தேஞ்சு தேஞ்சு சோப்புத் துண்டு மாதிரி ஆயிடுச்சு. மாத்துனா மறுபடியும் தேயத்தான போவுது? அதான் பித்தளைய வெட்டி மாட்டுனேன். பாரு, இதுக்கு ஒண்ணுமே ஆவல."

"இதுக்கு ஒண்ணும் ஆவலங்க. இதுக்குப் பதிலாத்தான் கால் போயிடுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டு இருந்தால், சுறுசுறுப்பானது கரைந்து மற்றதைக் காப்பாற்றும், பித்தளையில் பெரும்பகுதி செம்பு என்பதால் அது கரையாமல் கால்தான் கரையும் என்று சொன்னேன். கரைவதற்கென்றுதான் அந்தக் கட்டியை வைக்கிறார்கள், அது தேய்ந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரல் எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அவர் அந்தப் பித்தளைத் துண்டைத் திருகிக் கழற்றினார். பிறகு கேட்டார்: "நீ வரைஞ்சு வச்சிருக்கிற சார்ட்டுல அலுமினியம் துத்தநாகத்துக்கு மேலல்ல இருக்கு? அப்ப அலுமினியம்தான மொதல்ல கரையணும்?"

கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சார்ட்டை அவர் படித்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"அலுமினியம் மேலே காத்துப் பட்டதுமே தோல் மாதிரி ஒண்ணு படிஞ்சிருங்க. அதனாலதான் சோத்துக் குண்டான்ல தண்ணி ஊத்துனா ஒண்ணும் ஆகுறதில்ல. அந்தத் தோல் இருக்கிறதால கடல் தண்ணில அது துத்தநாகத்துக்குக் கீழ எறங்கிடும். பித்தளைய ஒட்டி வச்சா, உப்பு அந்தத் தோலையும் குடைஞ்சு உள்ள போயிடும்."

"அப்ப உங்க வரிசை கடலுக்கு ஒத்துவராது."

"கடலுக்குத் தனி வரிசை இருக்குங்க. அத நாங்க நடத்துறதில்ல."

அவர் சிரிக்கவில்லை. "கரைக்கு வந்ததும் தவறாம நல்ல தண்ணியில கழுவுனேன். ஒருநாள் விட்டதில்ல" என்று மோட்டாரைப் பார்த்தே சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். டீ போடட்டுமா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார்.

கோட்டுச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக், "இந்த ஓட்டைய வெல்டிங் வச்சுப் பத்தவச்சாலும் நிக்காதுண்ணே. பழைய மோட்டார் ஒண்ணு ஒடைச்சாங்கன்னா கால எடுத்துத் தர்றேன்" என்றார். அதுவரை என் கணவர் வேறொருவர் படகில் பங்குக்குப் போனார். அந்தப் படகு தூரம் போகும். அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எழும்போது அவர் கிளம்பியிருப்பார். சாப்பாட்டுத் தட்டு கழுவி வைத்திருப்பதைப் பார்த்து, வந்து போனார் என்று தெரிந்துகொள்வேன். அந்தக் கோடை முழுக்க அப்படியே போனது.

கடைசியில் கால் கிடைத்தது. மெக்கானிக் புதுத் துத்தநாகக் கட்டியை முடுக்கிவிட்டு, "பெயின்ட் அடிக்கிறப்ப இதுமேல மட்டும் அடிச்சிராதீங்கண்ணே, அப்புறம் வேலை செய்யாது" என்றார். இவர் சரி என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

முதல் நாள் சொந்தப் படகில் போய் மதியமே திரும்பியிருந்தார். நான் வந்தபோது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் கிடந்தார். என்ன மீன் பட்டது என்று கேட்க நினைத்தேன். ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் நானும் படுத்துக்கொண்டேன்.