பழனிக்குப் போகாத மொட்டை

முதல் கீமோ ஏறிய பதினேழாம் நாள் என் தோசையில் முடி கிடந்தது. மனைவியைக் குறை சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தோளைக் காட்டினாள். சட்டை முழுக்க என் முடிதான். எனக்கு நிணநீர்ப் புற்று. மூன்று வாரத்துக்கு ஒரு தவணையாக ஆறு தவணை மருந்து. முடி போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்று மாலையே சலூனுக்குப் போய் மிச்சத்தையும் வழித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆரியசாலைக் கடைத்தெருவில் என் பருப்பு மொத்தக் கடையைத் திறந்தபோது, எதிர்த்த பாத்திரக்கடை அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி வந்தார். திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"பழனியா?" என்றார்.

தலையாட்டினேன். நோயின் பெயரைச் சொன்னால் கடைக்கு ஒரு கஷாயம் வரும். கூடவே, இதே நோயில் போய்ச்சேர்ந்த சொந்தக்காரர் ஒருவரின் கதையும் வரும். தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியளே தம்பி. செரி, பஞ்சாமிர்தம் எங்க?"

"வீட்டுல இருக்கு அண்ணாச்சி. நாளைக்குக் கொண்டுவாறேன்."

வீட்டில் சொன்னதும் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "தலையாட்டினது நீங்க. பிசையப் போறது நான், அல்லே?" என்றாள். ஆனாலும் மட்டிப்பழம், வெல்லம், பேரீச்சை, கற்கண்டு, தேன் எல்லாம் வாங்கிவரச் சொல்லிப் பிசைந்தாள். காலியான எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் நிரப்பிக் கொடுத்தாள்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"இந்தத் தடவை ஒரு நாரங்கா ஊறுகா வாசம் வருதே."

"கோயில்ல பயங்கரக் கூட்டம் அண்ணாச்சி," என்றேன். கூட்டத்துக்கும் ஊறுகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இரண்டாம் தவணை முடிந்தும் தலை அப்படியே பளபளத்தது. இன்னொரு வேண்டுதல் பாக்கி இருந்தது என்றேன். இன்னொரு பாட்டில் போனது. மூன்றாம் தவணைக்குப் பிறகு அண்ணாச்சி என் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தார்.

"பழனியில இப்பம் புருவத்தையும் சேத்தா எடுக்காவ?"

"புது ஆளு அண்ணாச்சி. கொஞ்சம் அவசரக்காரன்."

"அவனுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று வருத்தப்பட்டுவிட்டு, மூன்றாவது பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போனார்.

நான்காம் தவணையன்று மனைவிக்குக் காய்ச்சல். எனக்குத் தொற்றிவிடக் கூடாதென்று அவள் வீட்டிலேயே இருந்தாள். துணைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் படுத்து, கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, தூக்குவாளியோடு அண்ணாச்சி உள்ளே வந்தார். போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன்.

"காலு வெளிய தெரியுது தம்பி," என்றார்.

முதல் பாட்டிலிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியுமாம். என் மனைவிக்குப் பஞ்சாமிர்தம் செய்யத் தெரியாது. பக்குவம் கேட்டு அவள் போன் பண்ணியதே அண்ணாச்சியின் மனைவிக்குத்தான். எதற்கு என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். இவள் சொல்லி அழுதிருக்கிறாள்.

"பின்ன ஏன் அண்ணாச்சி மாசாமாசம் கேட்டீங்க?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லுதிய. நிறுத்தச் சொல்ல மனசு வரல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டில்ல வந்த சாதனமும் நல்லாத்தான் இருந்துது," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஊசி மருந்தின் மயக்கத்தில் அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பக்கத்துச் சாய்வு நாற்காலி காலியாக இல்லை. ஏசி குளிருக்கு மொட்டைத் தலைக்கு நான் கொண்டுபோயிருந்த மாற்றுக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு அண்ணாச்சி அதில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டூட்டி மாறி வந்திருந்த மலையாளி நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு அவரை எழுப்பினார்.

"அப்பூப்பா, பிரஷர் ரொம்பக் கூடுதலா உண்டு. இன்னைக்கு உங்களுக்குக் கீமோ தர முடியாது கேட்டோ."

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப நல்லது சிஸ்டர்."

நான் சிரித்த சிரிப்பில் மருந்துக் குழாய் ஆடியது. விஷயம் புரிந்தபிறகும் நர்ஸ் அவரை விடவில்லை. அழுத்தம் உண்மையிலேயே அதிகம் என்று கீழே டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

எனக்கு ஆறு தவணையும் முடிந்து, ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தது. முடி சுருட்டையாக முளைத்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறேன். அண்ணாச்சிக்குத்தான் மாதம் தவறாமல் பிரஷர் பரிசோதனை. தனியாகப் போகச் சொன்னால் பாத்திரம் வந்து இறங்குகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அதனால் ஆட்டோ பிடித்து நானே கூட்டிப்போகிறேன். கையில் பட்டை சுற்றும்போது அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். வலிக்காது அண்ணாச்சி என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.