முன்வாசல் வழியே வரச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலையில் பூந்தமல்லி ஜட்கா வண்டிக்காரர் முனுசாமி எங்கள் பருத்திப்பட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். "டாக்டரம்மா பூட்டாங்கம்மா. நேத்து மார் வலிக்குதுன்னாங்க, அவ்ளோதான்," என்றார். நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பூந்தமல்லி டாக்டர் மரகதம்மாள் பிரசவம் பார்ப்பவர் என்றுதான் ஊருக்குத் தெரியும். பட்டணத்துக் கல்லூரி விடுதிகளில் அவர் பெயர் வேறு காரணத்துக்காகப் பரவியிருந்தது. உடலுறவில் தொற்றும் மேகநோய் கண்ட மாணவர்கள் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, விளம்பர லேகியங்களைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டபின், சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அவரிடம் வருவார்கள். கொல்லைப்பக்கம் தயங்கி நிற்பவர்களிடம், "முன்வாசலால வாங்க. காய்ச்சல்காரங்க அப்டித்தானே வர்றாங்க?" என்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் என் கணவர். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அப்போது அவர் சட்டக் கல்லூரி மாணவர், என் அத்தை மகன். நானும் பட்டணத்தில் விடுதியில் தங்கிப் படித்துவந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஊசி போட்டு முடிய ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்ற டாக்டர், "அந்தப் பொண்ணு கிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்," என்றாராம்.

விடுமுறையில் என் தலைவலிக்குக் காட்டலாம் என்று அத்தை மகன் என்னையும் என் அம்மாவையும் அவரிடம் அழைத்துப்போனார். டாக்டர் அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அத்தை மகன் தலைகுனிந்தபடி தம் நோயைச் சொல்லி முடித்தார்.

"இது பாவம் இல்லம்மா, நோவு. ஆறிடும். ஆறாத முன்ன கட்டிக்கினா உனக்கு வரும், புள்ளைக்கும் வரும்," என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னா வேணும்? நீ சொல்லு," என்றார். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"எனக்குக் கோவமா கீது," என்றேன்.

"இருக்கட்டும். நல்லா கோவப்படு. அவசரமில்ல."

வீடு திரும்பிச் சில வாரம் அத்தை மகனோடு பேசவில்லை. அப்புறம், காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். படிப்பு முடியட்டும் என்று அவர் தம் தகப்பனாரோடு சண்டை போட்டுக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். கடைசியில் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்த அன்று, டாக்டர் எங்கள் இருவருக்கும் தம் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். எங்கள் மகள் பிறந்ததும் டாக்டர் கையில்தான்.

ஊசிக் காலத்திலேயே டாக்டர் என்னையும் சனிக்கிழமைகளில் வரச்சொல்லியிருந்தார். மாணவிகள் சிலரும் துணையின்றி வருவார்கள். "நீ ஒண்ணும் பேச வேணாம். அவங்க பக்கத்துல குந்திகினு இரு, போதும்," என்பார். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. கூட்டம் கலைந்ததும் நாங்கள் இருவரும் எதையாவது பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது மனம் ஏங்குகிறது.

இந்தச் சனிக்கிழமையும் போனேன். பூட்டிய கதவின் முன் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கேட்டார்: "இனிமே நாங்க யார்கிட்ட போறதுங்க?"

"பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில பாக்கறாங்க."

"அங்க எல்லார் எதிர்லயும் நோவு பேரைச் சொல்லிக் கத்துவாங்களாமே."

"நான் கூட வர்றேன்," என்றேன்.

மூவரும் சாலைக்கு வந்தோம். டாக்டரம்மா, பஸ் வந்துவிட்டது. போய்வருகிறேன்.