உச்சியில் நின்ற ரயில்

கார் சர்வீஸ் கடையில் சூடான எண்ணெய் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது. நியூஜெர்சியில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் ஒரு பூங்கா. அங்கே பைன் மரங்களுக்கு மேலே, கொண்டை ஊசியைக் கவிழ்த்து நட்டதுபோல நின்ற அந்த ரோலர் கோஸ்டர் ராட்டினத்தை, வீட்டில் நாங்கள் "ராட்டாந்தூரி" என்றோம்.

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த அப்பா, அதன் சூட்சுமத்தைச் சலிக்காமல் சொல்வார். பழைய ராட்டினங்களில் ஆட்கள் உட்கார்ந்த ரயிலைச் சங்கிலி மெல்ல இழுத்து மேலேற்றும். இதில் பம்புகள் எண்ணெயை அழுத்திவைத்து ஒரே மூச்சில் விடுவிக்க, இரும்பு வடம் ரயிலை இழுத்து எறிந்துவிடும். அதன்பின் உச்சியைத் தாண்டுவது ரயிலின் பாடு. எதிர்காற்று பலமாக இருந்தால் சில சமயம் தாண்டாது.

"தாண்டலீன்னா பின்னாலயே வந்துரும். காந்த பிரேக் புடிச்சுக்கும், ஒண்ணும் ஆவாது," என்பார். ஆனால் அவர் ஏறியதில்லை. ஏறுவது அம்மாதான்.

எனக்குப் பத்து வயது. உயரம் போதாததால் அன்று அப்பாவோடு வேலிக்கு வெளியே நின்றேன். முதல் வரிசையிலிருந்து அம்மா கையசைத்தாள். சீறிப் பாய்ந்த ரயில் செங்குத்தாக ஏறி, ஏற ஏற வேகம் குறைந்து, உச்சி வளைவில் போய் நின்றேவிட்டது. கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அடங்கினார்கள். சில நொடிகள்தான் இருக்கும். அப்பா என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தார். பிறகு ரயில் வந்த வழியே பின்பக்கமாகச் சரிந்து இறங்கியது, பிரேக் பிடித்தது, எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது.

இறங்கியவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அம்மா அமைதியாக வந்தாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. அங்க ஒரு சத்தமும் இல்ல. நீ, அப்பா, யாருமே ஞாபகத்துக்கு வரல," என்றாள், சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில்.

அன்றிலிருந்து அவளை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். தோசைக்கல் முன்னால் கரண்டியோடு நின்றுவிடுவாள், கருகுவது தெரியாது. கூப்பிட்டால், யார் என்று யோசித்துவிட்டுத் திரும்புவதுபோல இருக்கும். சீசன் பாஸ் வாங்கி, காற்றடிக்கும் நாளாகப் பார்த்துத் தனியாக டிரைவ் பண்ணிப் போனாள். ஒவ்வொரு முறையும் ரயில் தாண்டிவிட்டது. ஏமாந்த முகத்தோடு திரும்பினாள்.

உயரம் எட்டிய வருடம் அவளைத் தனியே விடக்கூடாதென்று நானும் ஏறினேன். தாண்டிவிட வேண்டும் என்று அனுமாரை வேண்டிக்கொண்டு அவள் கையைப் பற்றியிருந்தேன். உச்சியில் ரயில் தயங்கியது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிரே யாரோ ஏதோ கேட்டதுபோல, வெறும் வானத்தைப் பார்த்து மெதுவாக, இல்லை என்று தலையசைத்தாள். தாண்டிவிட்டோம்.

"போதும், வீட்டுக்குப் போலாம்," என்றாள் கீழே வந்ததும். அதன்பின் அவள் அங்கே போகவில்லை. என்ன பார்த்தாள் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது நான் வேறு மாநிலத்தில், பிளானோ நகரத்தில் இருக்கிறேன். பைன் மரங்களுக்கு மேலே இன்று ஒன்றும் இல்லை; கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். அது மடங்கி விழும் வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து போன் செய்தாள்.

"மேல யாரும் இல்லைன்னு நல்லாப் பார்த்துட்டுத்தான வெடி வெச்சாங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீடியோவை நான் திறக்கவில்லை.