முகமில்லாத புனிதர்

டென்மார்க் தேவாலயங்கள்மேல் அம்மாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. "வெறும் வெள்ளைச் சுவர். ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்பார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குப் புனிதரின் காலைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிடாவிட்டால் செபித்தது மாதிரியே இராது.

எனக்கு ஒன்பது வயது. விபோர்க் பக்கத்தில் பழைய மடாலயம் ஒன்றின் சிற்றாலயத்தில் சுவர் நிறையப் புனிதர்கள் இருப்பதாக யாரோ சொல்ல, அப்பா நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டிலிருந்து எங்களைக் காரில் கூட்டிப் போனார். போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்த அம்மாவின் தம்பி, சின்ன மாமாவிடமிருந்து இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. எனக்கோ திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் கிடைக்குமா என்ற கவலை.

அப்பா வெளியே புகைக்க நின்றுவிட்டார். உள்ளே, பல நூறு வருடங்களுக்கு முன் யாரோ வரைந்த புனிதர்கள் மங்கிய செங்காவி நிறத்தில் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்றவருக்கு மட்டும் முகம் இல்லை. அம்மா நேரே அவரிடம் போனார். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் குனிந்து, காலைத் தொட்டு விரலை முத்தமிட்டார்.

காவலிருந்த வயதான பெண்மணி ஓடிவந்தார். நின்ற டேனிஷ்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"ஒருக்கா கேள் பிள்ளை, இவர் ஆரெண்டு" என்றார் அம்மா. அவருக்கு டேனிஷ் அவ்வளவாக வராது. வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

அம்மாவின் கண்ணீரைக் கண்டதும் அந்தப் பெண்மணியின் குரல் இறங்கிவிட்டது. ஒரு காலத்தில் இந்தப் படங்களுக்குமேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களாம். பிறகு அதைச் சுரண்டியபோது இவருடைய முகமும் சேர்ந்து போய்விட்டதாம். பெயர் யாருக்கும் தெரியாதாம். தொடாமல், விரும்பிய நேரம்வரை அம்மா இருக்கலாம் என்றும், தானே ஒரு மெழுகுதிரி கொண்டுவருவதாகவும் சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கியது.

"பூட்டப்போகினமாம். வெளியில போகட்டாம்" என்றேன் அம்மாவிடம்.

"ஓம், போவம். தொட்டதுக்கு மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லு."

அதையும் நான் சொல்லவில்லை. வழியில் ஐஸ்கிரீம் கிடைத்தது.

மாமா திரும்பி வரவேயில்லை. அவருடைய படங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. வளர்ந்து பெரியவளான பிறகு ஒருநாள், மாமா பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

"முகம் வருகுதில்லை பிள்ளை" என்றார் அம்மா.

அன்று அவர் யாருடைய காலைத் தொட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே விரும்பிய நேரம்வரை இருந்திருக்கலாம் என்பதை இன்றுவரை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.